ரோட்டை மண் மூடிக் கிடக்கும்போது பொக்லைன் ஏன் சும்மா நிற்கிறது?

மருந்துப்பெட்டி:

எந்த மலை, எந்த மாவட்டம் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. யாரையும் மாட்டிவிடுவது என் நோக்கம் இல்லை. மனதை அரித்துக்கொண்டே இருப்பதால் கேட்கிறேன்.

நிலநடுக்கம் வந்த மூன்றாம் நாள் காலை நாங்கள் ஆறு பேர் ஒரு வேனில் கிளம்பினோம். வேன் நிறைய மருந்து, தார்ப்பாய், குளோரின் மாத்திரை. அடிவாரத்திலிருந்து 11 கிலோமீட்டர் ஏறியதும் ரோடு முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்றால் நிஜமாகவே அதற்கு மேல் ரோடே இல்லை. வலப்பக்க மலை மரத்தோடும் பாறையோடும் இறங்கி ரோட்டின் குறுக்கே படுத்திருந்தது. அந்தப் பக்கம் நாலு கிராமங்கள். அங்கிருந்து ஒரு பையன் மட்டும் எப்படியோ மேட்டு வழியாகச் சுற்றி இறங்கி வந்து, அடிபட்டவர்கள் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள் என்று சொன்னான்.

இந்தப் பக்கம் இரண்டு பொக்லைன்கள் நின்றன. நான் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தே வைத்தேன். ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 20 நிமிடம் இன்ஜின் ஆஃப். ஆபரேட்டர் கேபின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி இருக்கிறார். அப்புறம் ஒருவர் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஒரு பாறை மேல் உட்கார்ந்திருந்தார். மண் வாரவில்லை, கல் தூக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். மத்தியானம் வேலையை முழுக்க நிறுத்திவிட்டார்கள். ஐந்து மணி நேரம். சாயங்காலம் ஐந்தரைக்கு, வெளிச்சம் இன்னும் இருக்கும்போதே, வண்டிகளைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

நான் போய்க் கேட்டதற்கு, "தள்ளி நில்லுங்க சார்" என்பதுதான் பதில். இரண்டு நாள் அங்கேயே கிடந்தோம். மருந்தை வேறு ஒரு குழுவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினோம்.

இது அலட்சியமா? இல்லை, எனக்குப் புரியாத ஏதாவது அங்கே நடந்ததா? இவ்வளவு வசதி வந்த காலத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிவிட்டு வேலையை முடிக்காமல் ஏன் ரோட்டையே கட்டிக்கொண்டு அழுகிறோம்? இந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். கோபம் வேண்டாம், பதில் வேண்டும்.


செயின்வண்டி:

தம்பி, 23 வருஷம் பொக்லைன் ஓட்டினேன். இப்போது ஓட்டுகிறவர்களை மேய்க்கிறேன். நிலநடுக்கத்துக்குப் பிறகு மலை ரோடு திறக்கிற வேலை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன்.

முதலில் அந்த விசில்காரர். அந்த இடத்தில் மிக முக்கியமான ஆள் அவர்தான். கேபினுக்குள் உட்கார்ந்தால் எனக்குத் தெரிவது பக்கெட்டும் அதன் முன்னால் பத்தடி மண்ணும் மட்டும். தலைக்கு மேலே கூரை. இன்ஜின் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழாது. மலை வருவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் வரும், ஆனால் மெதுவான குரலில் சொல்லும். முதலில் கடுகு மாதிரி பொடிக்கல் உருளும். சலசலவென்று, யாரோ அரிசி களைகிற மாதிரி ஒரு சத்தம். அடுத்து கொட்டைப்பாக்கு அளவு. அதற்கப்புறம் எண்ணுவதற்கு நேரம் இருக்காது. நீங்கள் குறித்து வைத்த அந்த 20 நிமிடம் அதற்குத்தான். இன்ஜினை அணைப்பது காது கொடுத்துக் கேட்க. எங்கள் குழுவில் கால் மணிக்கு ஒரு முறை அணைத்தே ஆக வேண்டும் என்று வைத்திருந்தோம். அந்தச் சத்தம் நிற்கும்வரை பக்கெட்டைத் தொடமாட்டேன், யார் வந்து கத்தினாலும் சரி.

விசில்காரர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. சரிவு முழுசாகத் தெரிகிற மாதிரி, சற்றுத் தள்ளி, சரிந்தால் மண் வந்து சேராத இடத்தில் இருந்திருப்பார். அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கே அரை மணி நேரம் ஆகும்.

இப்போது கணக்கு. 50 மீட்டர் நீளத்துக்கு ரோடு மூடிக் கிடக்கிறது, அகலம் 7 மீட்டர், சராசரி உயரம் 6 மீட்டர் என்று வையுங்கள். 2,100 கன மீட்டர். 20 டன் பொக்லைனின் பக்கெட் ஏறக்குறைய ஒரு கன மீட்டர் கொள்ளும். நல்ல மண்ணாக இருந்து, கொட்டவும் இடம் இருந்தால் மணிக்கு 100 கன மீட்டர் தள்ளலாம். அப்படியென்றால் 21 மணி நேரம். ஆனால் இது குவியலை மேஜை மேல் வைத்தால் வருகிற கணக்கு. மலையில் அந்தக் குவியலின் அடி ரோட்டில் இருக்கிறது, தலை நூறு இருநூறு மீட்டர் மேலே தொங்குகிறது. அடியில் ஒரு பக்கெட் எடுத்தால் மேலிருந்து ஒன்றரை பக்கெட் இறங்கும். காலை முழுக்க வாரிவிட்டு மத்தியானம் பார்த்தால் குவியல் காலையில் பார்த்ததைவிடப் பெரிதாக இருக்கும். புது ஆபரேட்டர்கள் இதில் மனசு உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் தெரிந்தவன் பழைய ரோட்டைத் தேடித் தோண்டமாட்டான். குவியல் மேலேயே ஏறி, மேட்டைத் தட்டி, பள்ளத்தை நிரவி, ஒரே ஒரு வண்டி போகிற அளவுக்குத் தடம் போடுவான். மேடும் பள்ளமுமாக, பார்த்தால் ஆட்டுப்பாதை மாதிரி இருக்கும். ஆம்புலன்ஸ் தாண்டினால் போதும். ஒழுங்கான ரோடெல்லாம் பின்னால்.

ஆனால் தடம் போடக் கீழே ஏதாவது இருக்க வேண்டுமே. மேட்டுப் பக்கம் மண் விழுந்திருப்பதை எல்லோரும் பார்ப்பார்கள். பள்ளப் பக்கம் தடுப்புச் சுவர் போயிருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் குறைவு. தார் அப்படியே இருக்கும், அதற்கு அடியில் ஒன்றுமே இருக்காது. ஓரத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல் மட்டும் தெரியும். அதன் மேல் 20 டன்னை ஏற்றினால் வண்டியும் ஆளும் ஆற்றில். அந்த விரிசலுக்கு இரண்டு பக்கமும் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டு, அகலமாகிறதா என்று பார்த்துக்கொண்டே வேலை செய்திருக்கிறேன்.

அடுத்து பாறை. வேன் அளவுப் பாறை நடுவில் உட்கார்ந்திருந்தால் பக்கெட் அதைச் சீண்டத்தான் முடியும். பிரேக்கர் மாட்டிக் கொத்தலாம், பாறை கடினமாக இருந்தால் நாள் கணக்காகும். துளை போட்டு வெடி வைக்கலாம், ஆனால் ஏற்கெனவே ஆடிப்போயிருக்கிற மலைக்கு அடியில் வெடி வைப்பதற்கு யோசிக்க வேண்டும். சில சமயம் பாறையை விட்டுவிட்டு அதைச் சுற்றிப் போவதுதான் புத்திசாலித்தனம்.

அந்த ஐந்து மணி நேரத்துக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். ஒரு தடவை என் பக்கெட் பல்லில் ஒரு நீலத் துணி மாட்டிக்கொண்டு வந்தது. உடனே நிறுத்தினேன். துணி வந்தால் ஆள் இருக்கலாம். இரும்புப் பல்லை வைத்துத் துழாவக் கூடாது. எட்டுப் பேர் கையாலும் சின்ன மண்வெட்டியாலும் நாலு மணி நேரம் தோண்டினோம். கிடைத்தது ஒரு ஸ்கூட்டர், மேலே நீல உறை போட்டிருந்தது. அவ்வளவுதான். மறுநாள் அதன் சொந்தக்காரர் நடந்தே வந்து, ஹேண்டில்பாரைத் தொட்டுப் பார்த்து, "இதை ரிப்பேர் பண்ண முடியுமா?" என்றார். அப்போது சிரிப்பு வந்தது. ஆனால் அந்த நாலு மணி நேரமும், தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு நாங்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிற மாதிரிதான் தெரிந்திருக்கும்.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். வேனை எங்கே நிறுத்தினீர்கள்? நான் பார்த்த இரண்டு தடவையும் டீசல் வண்டி மேலே ஏற முடியாமல் இரண்டு கிலோமீட்டர் கீழேயே நின்றது. காரணம், குறுகலான மலை ரோட்டில் இரண்டு பக்கமும் நின்ற நிவாரண வண்டிகள். ஒரு நாள் மூன்று மணி நேரம் எங்கள் பொக்லைன் டீசல் இல்லாமல் நின்றது. டீசல் கேனை ஆட்கள் தோளில் சுமந்து வந்தார்கள்.


அவசரக்காரன்:

எல்லாம் சாக்குப்போக்கு. ஜப்பானில் ஒரே நாளில் ரோடு போட்டுவிடுகிறார்கள், படம் பார்த்திருக்கிறேன். மனமிருந்தால் வழியுண்டு.


பாறைப்பைத்தியம்:

அவசரக்காரன் பார்த்த படம் சமவெளி ரோடாக இருக்கும். அதே ஜப்பானில் 2024 ஜனவரி 1 அன்று நோட்டோ தீபகற்பத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மலை நிலம், உள்ளே போக ஒரு சில ரோடுகள்தான். அவை சரிந்தும் பிளந்தும் போனதில் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் தனித்தனிக் குக்கிராமங்களில் மாட்டிக்கொண்டார்கள். கடல் வழியாகப் போகலாம் என்றால், வடக்குக் கரையில் சில இடங்களில் தரையே 4 மீட்டர் அளவுக்கு மேலே எழுந்துவிட்டதால் துறைமுகங்களில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. ரோடும் போச்சு, படகும் போச்சு. அந்த வருஷமே செப்டம்பரில் பெருமழை வந்து, ஆடிப்போயிருந்த சரிவுகள் மறுபடி இறங்கின.

நான் படித்தது ஜியாலஜி. பொக்லைன் ஓட்டத் தெரியாது, ஆனால் மலை ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று கொஞ்சம் சொல்ல முடியும். மழையால் வருகிற சரிவுக்கும் நிலநடுக்கத்தால் வருகிற சரிவுக்கும் வித்தியாசம் உண்டு. மழைத் தண்ணீர் கீழே இறங்கிச் சேர்வதால், சரிவின் கீழ்ப்பகுதியிலும் ஓடை ஓரங்களிலும் மண் இளகும். நில அதிர்வோ மலை முகட்டில்தான் பெரிதாகும்; கம்பை அடியில் பிடித்து ஆட்டினால் நுனி அதிகம் ஆடுகிற மாதிரி. அதனால் உச்சிக்குப் பக்கத்திலேயே பாறை பிளந்து கிடக்கும். விழுந்தது ஒரு பங்கு. விழாமல், விரிசல் விட்டு, காத்துக்கொண்டிருப்பது பல பங்கு. ரோட்டில் நிற்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. செயின்வண்டி அண்ணன் சொன்ன அரிசி களைகிற சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

பின்னதிர்வு வேறு இருக்கிறது. நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பதினேழு நாள் கழித்து, மே 12 அன்று 7.3 அளவில் இன்னொன்று வந்தது. அதற்குள் திறந்துவிட்டிருந்த ரோடுகளில் புதுச் சரிவுகள். காட்மாண்டுவிலிருந்து திபெத் எல்லைக்குப் போகிற அராநிகோ நெடுஞ்சாலை அந்தச் சமயத்தில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதன் முனையில் இருந்த தாதோபானி எல்லைக் கடவு 2019-இல்தான் மறுபடி திறந்தது.

இதைவிட மோசம் தைவான். 1999 செப்டம்பர் 21-ஆம் தேதி நிலநடுக்கத்தில் மத்தியக் குறுக்குச் சாலையின் ஒரு பகுதி நொறுங்கியது. ஐந்து வருஷம் செலவழித்துச் சரிசெய்து, திறக்கப்போகிற நேரத்தில் 2004-இல் மின்டுல்லே புயல் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. நிலநடுக்கம் உதிர்த்துப் போட்ட கல்லும் மண்ணும் அதுவரை மலையிலேயே காத்திருந்தன.

நியூசிலாந்தில் வேறு மாதிரிச் செய்தார்கள். 2016 நவம்பர் 14 அன்று கைகோரா நிலநடுக்கம், 7.8 அளவு. கடலோர நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் மூடிக் கைகோரா ஊர் துண்டிக்கப்பட்டது. சுற்றுலா வந்தவர்களில் நிறையப் பேரைக் கடற்படைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மலையில் தொங்கிக்கொண்டிருந்த தளர்ந்த மண்ணை என்ன செய்வது? ஹெலிகாப்டரில் பெரிய வாளி கட்டித் தண்ணீர் அள்ளி, மேலிருந்து ஊற்றி, அவர்களே விழவைத்தார்கள். கயிற்றில் தொங்கியபடி ஆட்கள் நெம்புகோலால் கல்லைத் தள்ளினார்கள். வேண்டுமென்றே விழவைத்த பிறகுதான் கீழே இயந்திரம். அப்படியும் அந்த நெடுஞ்சாலை திறந்தது 2017 டிசம்பர் 15. ஒரு வருஷம், ஒரு மாதம். பணமும் ஆளும் மனமும் எல்லாம் இருந்த நாடு அது.


இரவு டியூட்டி:

நான் நர்ஸ். ரோட்டின் அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன், இதுவரை எல்லோரும் இந்தப் பக்கத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

இடிபாட்டிலிருந்து உயிரோடு வெளியே எடுக்கப்படுகிறவர்களில் பெரும்பாலானோரை எடுப்பது பக்கத்து வீட்டுக்காரர்கள்தான், அதுவும் முதல் நாளிலேயே. அதனால் ரோடு திறந்து நாங்கள் போகும்போது எங்களுக்காகக் காத்திருப்பவர்கள் வேறு வகை. எலும்பு முறிவு, சீழ் வைத்த காயம், தசை நசுங்கியவர்கள்.

அந்தக் கடைசி வகையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். கால் மேல் தூண் விழுந்து பல மணி நேரம் கிடக்கிறார் ஒருவர். பேசுகிறார், தண்ணீர் கேட்கிறார், நன்றாக இருக்கிற மாதிரி தெரியும். அவசரமாகத் தூணைத் தூக்கிவிட்டால், நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியம் திடீரென்று ரத்தத்தில் கலந்து இதயம் நின்றுபோகலாம். அதிலிருந்து பிழைத்தாலும் அடுத்த சில நாளில் சிறுநீரகம் பழுதாகலாம். முடிந்தவரை, தூணைத் தூக்குவதற்கு முன்னாலேயே நரம்பு வழியாகச் சலைன் ஏற்றத் தொடங்க வேண்டும். அதற்கு ஹெலிகாப்டரும் வேண்டாம், பொக்லைனும் வேண்டாம். ஊசி போடத் தெரிந்த ஓர் ஆளும் சலைன் பாட்டில்களும் சரிவைத் தாண்டி நடந்து போனால் போதும். அரை லிட்டர் பாட்டில் ஒன்று அரை கிலோ. ஒருவர் 12 கிலோ சுமந்தால் 24 பாட்டில். நான் அப்படி ஒரு முறை போனேன். வழி தெரிந்த உள்ளூர் ஆள் முன்னால், நாங்கள் ஒருவருக்கொருவர் இருபது அடி இடைவெளி விட்டுப் பின்னால். சேர்ந்து நடந்தால் ஒரே கல்லில் எல்லோரும் போய்விடுவோம் என்று அவர்தான் பிரித்து விட்டார். யாரும் பேசக் கூடாது, நிற்கக் கூடாது. கீழே பார்க்காதே, மேலே பார் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

திரும்பி வருவது இன்னும் கஷ்டம். ஸ்ட்ரெச்சரில் ஒருவரைக் கரடுமுரடான குவியல் மேல் தூக்கிக்கொண்டு வர ஆறு பேர், மாற்றிக்கொள்ள இன்னும் ஆறு பேர். ஒரு நோயாளிக்கு ஒரு டஜன் ஆள்.

ஹெலிகாப்டர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உயரமான இடத்தில் காற்று மெல்லியது, அதனால் தூக்கும் பாரம் குறையும். மேகம் இறங்கிவிட்டால் பள்ளத்தாக்கில் பறக்க முடியாது. இறங்கச் சமதளம் வேண்டும்; மலைக் கிராமத்தில் சமதளம் என்றால் பள்ளி மைதானம், அங்கேதான் வீடிழந்த எல்லோரும் கூடாரம் போட்டிருப்பார்கள். 2015 மே 12 அன்றே நேபாளத்தில் அமெரிக்க மரீன் படையின் நிவாரண ஹெலிகாப்டர் ஒன்று மலையில் விழுந்து 13 பேர் இறந்தார்கள். 2008-இல் சீனாவின் சிச்சுவானிலும், நிலநடுக்கம் நடந்து மூன்று வாரம் ஆவதற்குள், நிவாரண ஹெலிகாப்டர் ஒன்று மூடுபனியில் விழுந்தது. அதே சிச்சுவானில் தொடர்பே இல்லாமல் போன மாவ் மாவட்டத்தின் நிலை என்னவென்று அறிய, 15 வீரர்கள் ஏறக்குறைய 5,000 மீட்டர் உயரத்திலிருந்து பாராசூட்டில் குதித்தார்கள். 2005 அக்டோபர் 8 காஷ்மீர் நிலநடுக்கத்துக்குப் பிறகு பெரிய சினூக் ஹெலிகாப்டர்கள் பறந்தன, கூடவே கோவேறு கழுதைகளும் போயின. ஹெலிகாப்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது இல்லாமல் எத்தனையோ பேர் செத்திருப்பார்கள். ஆனால் அது ஒரு நாளில் கொண்டுபோவதை ரோடு திறந்தால் சில லாரிகள் கொண்டுபோய்விடும்.


மருந்துப்பெட்டி:

எல்லோருக்கும் நன்றி. செயின்வண்டி அண்ணே, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: வளைவுக்கு 30 மீட்டர் கீழே நிறுத்தியிருந்தோம். இரண்டு தடவை எடுக்கச் சொன்னார்கள், ஒரு தடவை எடுத்தோம். டீசல் டிரம் ஏற்றிய வண்டி ஒன்று எங்களுக்குப் பின்னால் வெகுநேரம் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அதை எழுதும்போது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

விசில்காரர் ஆற்றுக்கு அந்தப்பக்கச் சரிவில், எதிரே உட்கார்ந்திருந்தார். அப்போது தூரத்திலிருந்து வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்தேன்.

எங்கள் குழு இப்போது வேறொரு மலைப் பள்ளத்தாக்குக் கிராமங்களோடு முன்கூட்டியே வேலை செய்ய நினைக்கிறது. ஒரே ரோடுதான், 38 கிலோமீட்டர். நடுவில் மூன்று சிறுபாலங்கள். எதை முதலில் செய்வது?


செயின்வண்டி:

வேன் விஷயத்தை ஒத்துக்கொண்டதற்கு ஒரு கும்பிடு. பெரும்பாலும் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

38 கிலோமீட்டர், ஒரே ரோடு. பெரிய நிலநடுக்கம் வந்தால் அதில் ஓர் இடம் மூடாது, இருபது முப்பது இடம் மூடும். அடிவாரத்தில் ஐம்பது பொக்லைன் கொண்டுவந்து நிறுத்தினாலும் முதல் சரிவில் ஒன்றோ இரண்டோதான் நின்று வேலை செய்ய முடியும், மீதி நாற்பத்தெட்டும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். முதலாவது முடிந்தால்தான் இரண்டாவது தெரியும். இரண்டாவது எவ்வளவு பெரிது என்று போய்ப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது, டவரும் போயிருக்கும். அதனால்தான் "எத்தனை நாளாகும்?" என்று கேட்டால் எங்களால் பதில் சொல்ல முடிவதில்லை. பொய் சொல்ல விரும்பாதவன் தள்ளி நில்லுங்க என்பான்.

ஆனால் 20-ஆவது கிலோமீட்டரில் ஏற்கெனவே ஒரு வண்டி இருந்துவிட்டால்? அது இரண்டு பக்கமும் வேலை செய்யும். கீழிருந்து ஒன்று, நடுவிலிருந்து மேலே ஒன்று, கீழே ஒன்று. எங்களுக்கு இரண்டாவது முறை நடந்தது அதுதான். மேலே கட்டட வேலைக்கு வந்திருந்த ஒரு பழைய பொக்லைன், டிராக் தேய்ந்து, ஹைட்ராலிக் ஆயில் ஒழுகிக்கொண்டு, யாரும் கணக்கில் எடுக்காத வண்டி. அதை வைத்து ஊர்க்காரர்கள் உள்ளிருந்தே ஏழு சரிவுகளில் தடம் போட்டுவிட்டார்கள். நாங்கள் கீழிருந்து நாலாவதை முடித்து வளைவு திரும்பினால் எதிரே அந்த வண்டி வருகிறது. என் சர்வீஸில் அவ்வளவு அழகான வண்டியைப் பார்த்ததில்லை.

ஆகவே என் யோசனை இதுதான். ரோடு ஓரமாக நடந்து போய், எந்தெந்தக் கிராமத்தில் பொக்லைன், ஜேசிபி, டிராக்டர் இருக்கிறது, யாருக்கு ஓட்டத் தெரியும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பழையதா புதியதா என்று பார்க்காதீர்கள். டீசல் எங்கே வைப்பது என்பதை யோசியுங்கள்; செங்குத்துச் சரிவுக்கு அடியிலும் கூடாது, முகட்டு நுனியிலும் கூடாது, ஓடை வாய்க்கு நேரேயும் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து உபயோகித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள், இல்லையென்றால் தண்ணீர் கோத்து ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். சிறுபாலங்களை விட்டுவிடுங்கள், அவற்றை உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஒவ்வொன்றையும் சுற்றி ஆற்றில் இறங்கி ஏற நடைபாதை எங்கே இருக்கிறது என்று மாடு மேய்க்கிறவர்களைக் கேட்டுக் குறித்து வையுங்கள். நர்ஸம்மா சொன்ன மாதிரி முதல் இரண்டு நாள் நடைதான்.

வாரிய மண்ணை எங்கே கொட்டுவது என்பதையும் இப்போதே பேசிவைப்பது நல்லது. அவசரத்தில் எல்லோரும் பள்ளப் பக்கம் தள்ளிவிடுவோம். கீழே வீடு இருக்கும், இல்லையென்றால் ஆறு இருக்கும், ஆறு அடைத்தால் அது வேறு கதை.


பாறைப்பைத்தியம்:

அந்த வேறு கதையை நான் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2008-இல் சிச்சுவானில் தாங்ஜியாஷான் என்ற இடத்தில் சரிவு ஆற்றை அடைத்து ஏரியாகிவிட்டது. ரோடே இல்லாததால் மி-26 என்ற ராட்சத ஹெலிகாப்டரில் பொக்லைன்களைத் தூக்கிக்கொண்டு போய் இறக்கி வாய்க்கால் வெட்டினார்கள். கீழே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முன்பே அப்புறப்படுத்தியிருந்தார்கள். அதனால் மருந்துப்பெட்டி, உங்கள் பட்டியலில் ஒன்று சேருங்கள்: நிலநடுக்கத்துக்குப் பிறகு ஆற்றில் திடீரென்று தண்ணீர் குறைந்தால் சந்தோஷப்படாமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று ஆற்றோரத்தில் இருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள்.


மருந்துப்பெட்டி:

ஒரு மாதம் கழித்து வந்து எழுதுகிறேன். 38 கிலோமீட்டரையும் மூன்று நாளில் நடந்து முடித்தோம். டிராக்டர் ஐந்து, ஜேசிபி ஒன்று, 26-ஆவது கிலோமீட்டரில் செயின் போட்ட பொக்லைன் ஒன்று. பழையதுதான் அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரியே ஒழுகுகிறது. ஓட்டத் தெரிந்தவர்கள் நாலு பேர். மாடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் மூன்று பாலங்களுக்கும் இறங்கு வழியைக் காட்டினார். அதில் ஒன்று எங்கள் யாருக்கும் தெரியாத குறுக்கு வழி.

ஒரே ஒரு சிக்கல். பொக்லைனைக் கிளப்பிப் பார்க்கலாம் என்று போனோம். பூட்டியிருந்தது. ஆபரேட்டர் லீவில் கீழே போயிருக்கிறார், சாவி அவர் சட்டைப் பையில்.


செயின்வண்டி:

இன்னொரு சாவி போடச் சொல்லுங்கள். அதை ஊரில் லீவே போடாத ஒருவர் வீட்டில் ஆணியில் மாட்டச் சொல்லுங்கள். பேட்டரி கேபிளையும் பார்த்தீர்களா? கழற்றி வைத்திருப்பார், நான் என்றால் அப்படித்தான் செய்வேன்.